அளவெடுக்கும் சனிக்கிழமைகள்

பதினொன்றாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வுகூட முடியவில்லை.
"இப்பவே காலேஜ் பார்க்கப் போறீங்களா?" என்று
ரேஷன் கடை வரிசை சிரித்தது.
அம்மா பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்:
"கவாத்து வெட்டின செடி
கொழுந்து தர எத்தனை மாசம் ஆகும்,
உங்களுக்குத் தெரியாதா?"

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கட்டம் போட்டேன்.
ஊர். பஸ் கட்டணம்.
வாசலிலிருந்து நூலகம் எத்தனை அடி.
ஆய்வகத்தில் எத்தனை நுண்ணோக்கி.
கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு தோன்றவில்லை,
வெறுமனே விட்டேன்.

முதல் சனிக்கிழமை கோத்தகிரி.
மருந்துக்கடைக்கு மேலே இரண்டு மாடி,
மொத்தமே நூற்றுப் பன்னிரண்டு பேர்.
படியேறி முடிப்பதற்குள் முதல்வரே வந்து
பெயர் கேட்டார்.
இறங்கும்போது "போயிட்டு வா, நிரோஷா" என்றார்.
டானிங்டன் வரை அது இனித்தது.
அதற்கப்புறம்தான் உறைத்தது,
மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட
பெயர் இல்லாமல் இருக்க முடியாது அங்கே.

அம்மா சொன்னாள்: "ஒரு கூடை இடம்."

அவளுக்கு நிலம் என்றால் எடை.
ஓர் ஆள், ஒரு நாள், எத்தனை கிலோ கொழுந்து.
ஏக்கர் என்பது
சூப்பர்வைசர் வாயில் வரும் சொல்.

இரண்டாவது, மலையிறங்கி.
வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு
மேட்டுப்பாளையம் தாண்டி
ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றோம்.
காலேஜுக்குள்ளேயே பஸ் ஓடுகிறது.
மரங்களுக்கெல்லாம் எண்;
ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் வரை பார்த்தேன்.
"இங்க வழி தப்பினா யாரைக் கேக்கணும்?"
"நான் சேர்ந்தே மூணு மாசம்தாம்மா," என்றார் காவலாளி.
"எனக்கும் அதான் தெரியணும்."

மைதானத்தின் நடுவில் போய் நின்றேன்.
யாரும் பார்க்கவில்லை.
ஒருவர்கூட.
அது இவ்வளவு பிடிக்கும் என்று நினைக்கவில்லை.
எந்த லைன், யார் மகள்,
எந்த வருஷக் கப்பலில் வந்த குடும்பம்
என்று கேட்க ஆளில்லாத வெயில்.

அம்மா வெகுநேரம் எடை போட்டாள்.
"நூறு பேர், ஒரு வாரம்.
அப்பவும் அந்த மூலை பாக்கி நிக்கும்."

மூன்றாவது ஊட்டி.
கல் கட்டடம் என்றார்கள், சரிவு முழுக்கக் கற்பூர மரம் என்றார்கள்.
நாங்கள் போய்ச் சேரவும் மூடுபனி இறங்கவும் சரியாக இருந்தது.
கேட் தெரிந்தது. கேட் மட்டும்.
அடி எண்ணிக்கொண்டே நடந்தேன்.
நானூற்றுப் பத்தாவது அடியில் நூலகம் வரவில்லை,
மப்ளர் சுற்றிய ஓர் அக்கா வந்தாள், டிபன் டப்பாவோடு.
"எவ்வளவு பெரிசுக்கா, இந்தக் காலேஜ்?"
"ஜூன்லயா, ஜனவரியிலயா?"
கேட்டுவிட்டு வெள்ளைக்குள் போய்விட்டாள்.
எங்கோ சுவரில் பந்து மோதும் சத்தம்,
யாரையோ யாரோ கூப்பிடும் சத்தம்.
அம்மா என் ஸ்வெட்டர் கையைப் பிடித்திருந்தாள்.
எடை எதுவும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நோட்டைப் பிரித்தேன்.
ஊட்டிக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதி
அடித்து, மறுபடி அதையே எழுதினேன்.
அம்மா கண்ணாடியில் சாய்ந்து தூங்குகிறாள் என்றிருந்தேன்.
"அந்தப் பெரிய இடத்துல,"
கண் திறக்காமலே கேட்டாள்,
"பொம்பளைங்க கக்கூஸுக்கு நடந்தேனே,
பதினோரு நிமிஷம். எழுதினியா?"

எழுதவில்லை.
தலைப்பில்லாத கட்டத்தில்
பதினொன்று என்று போட்டேன்;
பஸ் குலுங்கி இரண்டு ஒன்றும் ஒட்டிக்கொண்டன.
"கோத்தகிரியில?"
"பூட்டியிருந்துச்சு. சாவி முதல்வர்கிட்ட."
"ஊட்டியில?"
"எங்க கண்ணு தெரிஞ்சுது."

கட்டபெட்டில் பாதி பஸ் இறங்கியது.
"வர்ற சனிக்கிழமை என் நிரையை
மரகதம் பார்த்துக்கிறேன்னா.
குன்னூர்ல ஒண்ணு இருக்காமே," என்றாள்.
"குடை எடுத்துக்கோ."